மையின் விலையைக் கேட்காமல் பிரிண்டர் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, குடந்தையிலிருந்தும் சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். "வீட்டுக்குப் பிரிண்டர் வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது இயந்திரத்தின் விலையையா, மையின் விலையையா?" என்ற தலைப்பில், மையின் விலையையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், நெல் போட்ட பணம் கைக்கு வரும்வரை கடனில் ஓடும் குடும்பத்துக்கு 4,000 ரூபாய் பிரிண்டர்தான் கட்டுபடியாகும், புட்டியிலிருந்து மையை ஊற்றி நிரப்பும் 12,000 ரூபாய் இங்க் டேங்க் பிரிண்டர் எட்டாக்கனி என்றார். அவருடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த 4,000 ரூபாயை நான் முன்பணம் என்றே சொல்வேன்; மீதியைக் கார்ட்ரிட்ஜ் என்னும் மைப்பெட்டியை மாற்றும் ஒவ்வொரு முறையும் நாம் கட்டிக்கொண்டே இருக்கிறோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் முன்னோர் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

அவர் சொன்ன விலைகளையே வைத்துக் கணக்குப் போடுவோம். கேனான் நிறுவனத்தின் 745 என்னும் சாதாரணக் கறுப்புக் கார்ட்ரிட்ஜ் 180 பக்கம் தரும் என்பது அந்நிறுவனமே சொல்லும் எண்ணிக்கை. இங்க் டேங்க்கில் ஊற்றும் எப்சன் நிறுவனத்தின் 003 கறுப்பு மைப் புட்டியில் இருப்பது 65 மில்லி. அதற்குச் சொல்லப்படுவது 4,500 பக்கம். கார்ட்ரிட்ஜ் 900 ரூபாய், புட்டி 400 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு பக்கத்துக்கு அங்கே 5 ரூபாய், இங்கே 9 பைசாவுக்கும் குறைவு. மாதம் 50 பக்கம் அடிக்கும் வீட்டுக்கு மூன்றாண்டில் 1,800 பக்கம், அதாவது பத்துக் கார்ட்ரிட்ஜ், 9,000 ரூபாய். இயந்திரத்தோடு சேர்த்தால் 13,000 ரூபாய் ஆகிவிட்டது. இங்க் டேங்க் வாங்கியவருக்கோ பெட்டியோடு வந்த மையே பெரும்பாலும் அதுவரை போதும். நான்காம் ஆண்டிலிருந்து இந்த இடைவெளி வளர்ந்துகொண்டே போகும்.

இதுவரை சொன்னது கறுப்பு எழுத்துக்கு மட்டும். பிள்ளைக்குப் பள்ளியில் டெல்டா வரைபடம் கொண்டுவரச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். காவிரி, கொள்ளிடம், வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை கிளையாக நீலம். கிழக்கே வங்கக் கடல் முழுவதும் நீலம். மூவண்ணக் கார்ட்ரிட்ஜுக்குள் நீலம், செந்நீலம், மஞ்சள் என மூன்று மைகள் மூன்று அறைகளில் இருக்கின்றன. இப்படி நாலைந்து படம் அடித்தால் நீல அறைதான் முதலில் வற்றும். அதன்பின் அடிக்கும் படத்தில் கடல் வெளிறிப்போய்க் கோடு கோடாக வரும். மற்ற இரண்டு அறைகளிலும் மை மிச்சமிருக்க, முழுக் கார்ட்ரிட்ஜையும் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்க வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிய மை கண்ணெதிரே குப்பைக்குப் போவதை எந்தத் தாய் பொறுப்பார்?

"மாதம் பத்துப் பக்கம் அடிக்கிறவருக்கு மை என்ன பெரிய செலவு?" என்றும் கேட்டார்கள். இந்த இடத்தில்தான் எதிரணியோடு அழுத்தமாக முரண்படுகிறேன். பெட்டியில் போட்டிருக்கும் பக்க எண்ணிக்கை, ஐ.எஸ்.ஓ. என்னும் உலகத் தர அமைப்பு வகுத்த மாதிரிப் பக்கங்களைத் தொடர்ச்சியாக அச்சிட்டுக் கணக்கிட்டது. நம் வீட்டிலோ கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டா, அடங்கல் தேவைப்படும்போது பிரிண்டரைப் போடுகிறோம். பிறகு வாரக்கணக்கில் தொடுவதில்லை. சித்திரை வெயிலில் மை வெளியேறும் நுண்துளைகள் காய்ந்து அடைத்துக்கொள்கின்றன. அச்சடித்துக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால் அச்சுமுனை தன் மூடிக்குத் திரும்பாமல் நடுவழியில் நின்று இன்னும் விரைவாகக் காய்கிறது. அடைப்பை நீக்க இயந்திரம் மையையே உறிஞ்சித் துளைகளைக் கழுவுகிறது. அந்தக் கழிவு மை அடியிலுள்ள பஞ்சில் போய்ச் சேருகிறது. சில மாடல்களில் பஞ்சு நிறைந்துவிட்டது என்று இயந்திரமே வேலைநிறுத்தம் செய்து, சர்வீஸ் சென்டருக்கு நம்மை அலையவைக்கிறது. ஆகவே குறைவாக அச்சிடும் வீட்டில்தான் ஒரு பக்கத்துக்கான மைச் செலவு அதிகம்.

இங்க் டேங்க்குக்கும் இந்த அடைப்பு உண்டு என்பதை மறைக்க மாட்டேன். மையின் கணக்கை முதலில் பார்ப்பவருக்கு அதற்கும் வழி தெரியும். எழுத்துப் பக்கம் மட்டுமே போதுமென்றால் லேசர் பிரிண்டர் இருக்கிறது. அதன் டோனர் தூள் என்பதால் மாதக்கணக்கில் சும்மா கிடந்தாலும் காயாது. பழைய ஹெச்.பி. 1020 லேசருக்குப் போடும் 12ஏ டோனருக்கு நிறுவனம் சொல்லும் கணக்கு 2,000 பக்கம். மாதம் பத்துப் பக்கந்தான் என்றால் தெருமுனை ஜெராக்ஸ் கடையே போதும், பிரிண்டரே வேண்டாம் என்பேன்.

ரீஃபில் செய்துகொள்ளலாமே என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். செய்யலாம். விற்ற கார்ட்ரிட்ஜின் மீது காப்புரிமையைக் காட்டி மறுநிரப்பலைத் தடுக்க முடியாது என்று லெக்ஸ்மார்க் என்னும் பிரிண்டர் நிறுவனத்தின் வழக்கில் 2017இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஆனால் சட்டம் விட்டாலும் கார்ட்ரிட்ஜில் உள்ள சிப் விடுவதில்லை. பிற நிறுவனக் கார்ட்ரிட்ஜை மறுக்கும் மென்பொருள் பல பிரிண்டர்களில் இருக்கிறது. நேற்று வரை வேலை செய்தது, இணையத்தில் ஒரு புதுப்பிப்பு இறங்கியதும் நின்றுபோகலாம். மையில்தான் லாபம் என்பதால்தானே இத்தனை பூட்டு?

நடுவர் அவர்களே, அடுத்து வரும் எதிரணி நண்பர் எனக்கு ஒன்றுக்கு மட்டும் விடை சொல்லட்டும். அவர் பரிந்துரைக்கும் 4,000 ரூபாய் பிரிண்டரின் பெட்டியில், ஒரு பக்கம் அச்சிட எவ்வளவு ஆகும் என்பது விலைக்குப் பக்கத்தில், விலை அளவுக்கே பெரிய எழுத்தில் ஏன் அச்சிடப்படவில்லை?