பெட்டியைச் சுருக்கிப் பார்த்தவர்கள்

எல்லோருக்கும் வணக்கம்.

கொந்தளிப்பு ஓட்டம், அதாவது சீராகப் போகாமல் சுழன்று குழம்பி ஓடும் ஓட்டம் பற்றி ஆராய்ச்சி செய்கிறோம் என்று சொன்னால் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. நீரும் காற்றும் எப்படி ஓடும் என்று சொல்கிற நேவியர்-ஸ்டோக்ஸ் சமன்பாடுகள் 1845-லேயே முழு வடிவத்துக்கு வந்துவிட்டன, இன்று சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதில் போட்டு விடையை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, இன்னும் என்ன ஆராய்ச்சி? நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்று பதில் சொல்ல வந்திருக்கிறேன்.

1883-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் மான்செஸ்டரில் ஒரு நீளமான கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, அதன் நடுவே மெல்லிய நூல்போலச் சாயத்தைச் செலுத்தினார். மெதுவாக ஓடும்போது நூல் கலையாமல் நேராகப் போனது. வேகத்தைக் கூட்டக் கூட்ட ஒரு கட்டத்தில் நூல் நடுங்கியது, உடைந்தது, குழாய் முழுக்கச் சாயம் பரவிவிட்டது. வேகம், குழாயின் விட்டம், நீரின் பாகுத்தன்மை (ஓடுவதைத் தடுக்கும் உள் உராய்வு) மூன்றையும் சேர்த்து ஓர் எண் கிடைக்கும். அதுதான் ரெனால்ட்ஸ் எண். குழாயில் அது சுமார் 2,000-ஐத் தாண்டிய பிறகு கொந்தளிப்பு தலைகாட்டலாம்.

கொந்தளிப்பில் பெரிய சுழல் உடைந்து சிறிய சுழலாகிறது, அது இன்னும் சிறியதாக உடைகிறது, கடைசியில் மிகச் சிறிய சுழல்களைப் பாகுத்தன்மை தேய்த்து வெப்பமாக்கிவிடுகிறது. அந்தக் கடைசிச் சுழல் எவ்வளவு சிறியது? 1941-இல் ரஷ்யக் கணித மேதை கோல்மோகோரோவ் அதற்குக் கணக்குச் சொன்னார். ரெனால்ட்ஸ் எண் 10,000 என்றால், பெரிய சுழலைவிட அது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு சிறியது. கம்ப்யூட்டரில் எதையும் விடாமல் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு பக்கத்துக்கு ஆயிரம் புள்ளி, மூன்று திசைக்கும் சேர்த்து 100 கோடி புள்ளி, ஒவ்வொரு புள்ளியிலும் வேகமும் அழுத்தமும், அதையும் நேரத்தில் குட்டிக் குட்டி அடியாக நகர்த்த வேண்டும். ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கானால் கணக்கு வேலை ஆயிரம் மடங்காகும். பயணிகள் விமானத்தின் இறக்கையிலோ அந்த எண் கோடிகளில் போகிறது.

சமன்பாடு கையில் இருந்தும் விடை கைக்கு வராததற்கு இதுதான் காரணம்.

இருந்தாலும் மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. 1972-இல் ஆர்சாகும் பேட்டர்சனும் பக்கத்துக்கு 32 புள்ளி வைத்து, அதாவது மொத்தம் 32,768 புள்ளிகளில், கொந்தளிப்பை நேரடியாகக் கணக்கிட்டார்கள். முப்பது வருஷம் கழித்து ஜப்பானின் எர்த் சிமுலேட்டர் என்ற சூப்பர் கம்ப்யூட்டரில் பக்கத்துக்கு 4,096, மொத்தம் சுமார் 6,870 கோடி புள்ளிகள். இடையில் 1987-இல் கிம், மொயின், மோசர் மூவரும் இரண்டு தட்டையான சுவர்களுக்கு நடுவே ஓடும் ஓட்டத்தை சுமார் 40 லட்சம் புள்ளிகளில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கருவியை நுழைத்து அளக்கவே முடியாத இடங்களில்கூட எண்கள் கிடைத்தன. சோதனைக்கூடத்தில் அளப்பவர்கள் தங்கள் அளவீட்டை இதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் நிலை வந்தது.

ஆனால் என்னை இந்தத் துறையோடு கட்டிப்போட்டது இந்த எண்ணிக்கைப் போட்டி இல்லை. ஒரு பெட்டியைச் சுருக்கிய கதை.

1967-இல் ஸ்டான்ஃபோர்டில் கிளைனும் அவர் குழுவினரும் தண்ணீருக்குள் மெல்லிய கம்பியை வைத்து, மின்சாரம் பாய்ச்சி, அதிலிருந்து கிளம்பும் ஹைட்ரஜன் குமிழிகளைப் படம்பிடித்தார்கள். சுவரை ஒட்டிய கொந்தளிப்பு தாறுமாறாக இல்லை, வேகமான பட்டை, மெதுவான பட்டை என்று வரிவரியாக இருந்தது. பாகுத்தன்மையையும் சுவர் உராய்வையும் வைத்து வரும் ஒரு நுண்ணிய நீள அலகு உண்டு, அந்த அலகில் அளந்தால் மெதுவான பட்டைகளுக்கு நடுவே இடைவெளி சராசரியாக 100. சரி, ஏன் 100?

1991-இல் ஹிமெனெஸும் மொயினும் கம்ப்யூட்டரில் மட்டுமே செய்யக்கூடிய ஒன்றைச் செய்தார்கள். இப்படிக் கம்ப்யூட்டரில் ஓட்டத்தைக் கணக்கிடுவதுதான் சிமுலேஷன், கணக்கிடும் இடம்தான் பெட்டி. அந்தப் பெட்டியில் வலப்பக்கம் வெளியேறும் நீர் இடப்பக்கம் திரும்ப நுழையும்படி வைப்பது வழக்கம். அந்தப் பெட்டியின் அகலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். கொந்தளிப்பு தாக்குப்பிடித்தது, தாக்குப்பிடித்தது, ஆனால் அகலம் அதே அலகில் 100-க்குப் பக்கம் வந்து அதற்கும் கீழே போனதும் அணைந்துவிட்டது. ஓட்டம் அமைதியாகிவிட்டது. குமிழிகள் காட்டிய அதே எண்! ஒரே ஒரு பட்டைக்கு இடம் இருந்தால் கொந்தளிப்பு உயிரோடு இருக்கும், அதற்கும் இடமில்லை என்றால் இருக்காது. எந்தத் தண்ணீர்த் தொட்டியிலும் இந்தச் சோதனையைச் செய்திருக்க முடியாது, ஏனென்றால் பக்கவாட்டில் சுவர் வைத்தால் அந்தச் சுவரே ஓட்டத்தை மாற்றிவிடும்.

1999-இல் ஹிமெனெஸும் பினெல்லியும் இன்னும் ஒரு படி மேலே போய், சுவரிலிருந்து தள்ளி இருக்கும் கொந்தளிப்பையெல்லாம் செயற்கையாக அணைத்துப் பார்த்தார்கள். சுவரோரக் கொந்தளிப்பு நிற்கவில்லை, மேலேயிருந்து எந்த உதவியும் இல்லாமல் தன்னைத்தானே ஓட்டிக்கொண்டது. சிமுலேஷன் என்றால் சோதனைக்கூடத்துக்கு மலிவான மாற்று என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். இயற்கை நம்மைச் செய்யவிடாத சோதனையைச் செய்துபார்க்கும் இடம் அது.

அப்புறம், விமானமும் வானிலையும். அங்கே எல்லாச் சுழலையும் பிடிக்க வழியில்லை. அதனால் பெரிய சுழல்களை மட்டும் கணக்கிட்டு, கட்டத்துக்குள் அகப்படாத சின்னச் சுழல்களுக்குப் பதிலாக ஒரு சூத்திரத்தை வைக்கிறார்கள். 1963-இல் ஸ்மாகோரின்ஸ்கி வானிலைக் கணக்குக்காகத் தொடங்கியது இது. வண்ணவண்ணமாக ஒரு சிமுலேஷன் படத்தைப் பார்த்தால் முதலில் இதைக் கேளுங்கள்: இதில் எந்த அளவு வரை கணக்கிட்டீர்கள், எதற்குக் கீழே சூத்திரம்? இன்னொன்றும் கேளுங்கள். ஆரம்பத்தில் துளி வித்தியாசம் இருந்தாலே இரண்டு சிமுலேஷன்கள் கொஞ்ச நேரத்தில் வேறுவேறு படமாகிவிடும், ஆகவே ஒரு கணத்துப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சராசரி எங்கே, ஏற்ற இறக்கத்தின் அளவு எங்கே?

அந்தச் சூத்திரம் பெரும்பாலும் திணறும் இடம் சுவரோரம்தான். சுவரை நெருங்க நெருங்க முக்கியமான சுழல்களே சிறியதாகிவிடுகின்றன, பெரியது சிறியது என்று பிரிக்கவே முடிவதில்லை. ஆனால் அந்த இடம் தன்னைத்தானே ஓட்டிக்கொள்ளும், ஒரே மாதிரிப் பட்டைகளால் ஆனது என்று அந்தக் குட்டிப் பெட்டி காட்டிவிட்டதே. அதைப் பிடித்துக்கொண்டு சுவரோரத்துக்கு நல்ல சூத்திரம் எழுத முடியுமா என்று இன்றும் பலர் முயன்றுகொண்டிருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்விகள்.