காய்ச்சலில் விட்டுப்போன மாத்ரா

வணக்கம். தில்லியில் மழை தொடங்கி தீபாவளி வரை வீட்டுக்கு வீடு காய்ச்சல். டெங்கு, டைஃபாய்டு என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று வாரம் படுத்து எழுந்ததும் வீட்டில் என்ன செய்கிறோம்? வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் நோட்டுப் பக்கங்களைக் கேட்டு வாங்கி, உட்கார்ந்து எழுது என்கிறோம்.

அது வேண்டாம். நாற்பது பக்கம் எழுதினாலும் பிள்ளை வரைவது கோடுகளைத்தான். கை வலிக்கும், விட்டுப்போனது விட்டுப்போனதாகவே இருக்கும். எத்தனை பக்கம் போயிற்று என்று எண்ணாதீர்கள். எந்தப் படி போயிற்று என்று பாருங்கள்.

இந்தியை எடுத்துக்கொள்வோம். ஜல், ஜால். தின், தீன். குல், கூல். மேல், மைல். இந்த எட்டுச் சொல்லையும் நீங்கள் சொல்லி, பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். எந்த ஜோடியில் தடுமாறுகிறதோ, அங்கேதான் பள்ளிக்குப் போகாத நாட்கள் இருக்கின்றன.

பெரும்பாலும் தின், தீனில்தான் சிக்கும். மாத்ரா என்பது மெய்யெழுத்தோடு சேரும் உயிர்க்குறி. குறில் இகர மாத்ரா எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஓசையோ பின்னால் வரும். வகுப்பில் ஆசிரியர் இதைச் சொன்ன அன்று பிள்ளை கட்டிலில் கிடந்திருக்கும். நம் வீட்டில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. தமிழில் ‘கெ’ எழுதும்போது கொம்பைத்தானே முதலில் போடுகிறோம்? வாய் முதலில் சொல்வது ‘க்’. அதே ஏற்பாடுதான் இது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிகளில் தமிழும் படிக்கிற பிள்ளைகளுக்கு இப்படிச் சொன்னால் சட்டென்று பிடிபடும். அம்மாவுக்கு இந்தி அரைகுறையாகத் தெரிந்தாலும் போதும்.

கணக்குக்கும் அப்படியே. இரண்டாம் வகுப்புப் பிள்ளையிடம் 42லிருந்து 17 கழிக்கச் சொல்லுங்கள். 35 என்று வந்தால், 7லிருந்து 2ஐக் கழித்திருக்கிறது என்று பொருள். கடன் வாங்கும் பாடம் போயிருக்கிறது. அதற்கும் முந்தைய பத்துக்கட்டுப் பாடமே போயிருக்கலாம். ஐஸ் குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டு நான்கு கட்டு, உதிரி இரண்டு வையுங்கள். ஏழு குச்சி கொடு என்றால் உதிரி போதாது. ஒரு கட்டைப் பிரிக்கும் வேலை பிள்ளையின் கையால் நடக்க வேண்டும். நீங்கள் பிரிக்காதீர்கள். பன்னிரண்டில் ஏழு போனால் ஐந்து. மீதி மூன்று கட்டில் ஒன்று போனால் இரண்டு. ஆக 25. நாலைந்து நாள் குச்சியோடு செய்த பிறகு நோட்டுக்கு வாருங்கள்.

எவ்வளவு நேரம்? காய்ச்சல் விட்டாலும் டெங்குச் சோர்வு சில வாரம் இருக்கும். ஒரு தடவைக்கு இருபது நிமிடம், நாளுக்கு இரண்டு தடவை. முதல் ஐந்து நிமிடம் ஏற்கெனவே தெரிந்ததை வாசிக்கட்டும். கண்ணைக் கசக்கினால் நிறுத்திவிடுங்கள். மறுபடியும் சொல்கிறேன், நோட்டை நகல் எடுக்க வேண்டாம்.

ஃபெயில் ஆக்கிவிடுவார்களோ என்று பயப்படாதீர்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2019இல் வந்த திருத்தம் ஃபெயில் ஆக்க இடம் கொடுப்பது 5, 8 வகுப்புகளில்தான்.

காதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது. சளிக்காய்ச்சலுக்குப் பின் பிள்ளை அடிக்கடி ‘ஆங்?’ என்று கேட்டால் நடுக்காதில் நீர் கோத்திருக்கலாம். மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த நீர் வற்ற மூன்று மாதம்கூட ஆகலாம். அதுவரை முதல் வரிசையில் உட்கார வைக்கும்படி ஆசிரியருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுங்கள். நன்றி, வணக்கம்.