கடல் தாண்டிய வங்காளத்து அம்மாக்கள்

எல்லாருக்கும் வணக்கம்.

வெளிநாடு போன வங்காளிக் குடும்பங்களின் கதை என்றதும் நாம் பிள்ளைகளைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்போம். ஜும்பா லாஹிரியின் ‘தி நேம்சேக்’ (2003) நாவலிலும் பேச்செல்லாம் கோகோலைப் பற்றித்தான். அப்பா வைத்த ரஷ்ய எழுத்தாளரின் பெயர் பிடிக்காமல் பதினெட்டு வயதில் நிகில் என்று மாற்றிக்கொள்கிறானே, அவன்தான். எனக்கு அவனைவிட அவன் அம்மா ஆஷிமாதான் முக்கியம்.

நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். 1968, அமெரிக்காவின் கேம்பிரிட்ஜ். நிறைமாதக் கர்ப்பிணி ஆஷிமா அடுக்களையில் நிற்கிறாள். கல்கத்தா நடைபாதையில் விற்கிற பொரி வேண்டும் அவளுக்கு. கிடைத்தது ரைஸ் கிறிஸ்பீஸ், அமெரிக்கர்கள் காலையில் பாலில் போட்டுச் சாப்பிடுகிற அரிசிப் பொரி. அதில் வேர்க்கடலை, வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சை எல்லாம் போட்டாயிற்று. கடுகெண்ணெய் மட்டும் இல்லை. கணவன் அசோக்குக்கு அங்கே போக எம்.ஐ.டி. என்ற அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி இருந்தது. இவளுக்கு அந்தக் கிண்ணம்தான்.

லாஹிரியின் ‘மிஸஸ் சென்’ஸ்’ சிறுகதையில் இது இன்னும் கூர்மை. பேராசிரியரின் மனைவி, தரையில் உட்கார்ந்து அரிவாள்மனையில் காய் நறுக்குகிறாள். நம் வீடுகளில் இருந்ததே, அதேதான். ஊரில் கல்யாணம் என்றால் தெருப் பெண்கள் எல்லாரும் அதைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்துவிடுவார்கள், ராத்திரி முழுக்க அரட்டையடித்தபடி ஐம்பது கிலோ காய் நறுக்குவோம் என்று பதினொரு வயது அமெரிக்கப் பையனிடம் சொல்கிறாள். அமெரிக்காவில் அவளோடு உட்கார ஆள் இல்லை. நல்ல மீன் வாங்கக்கூட கார் ஓட்டத் தெரிய வேண்டும்.

சரி, இவர்களெல்லாம் 1965-ல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிக் கதவைத் திறந்த பிறகு போன படித்த வர்க்கம். லண்டன் கதை வேறு. மோனிகா அலியின் ‘பிரிக் லேன்’ நாவலும் 2003-தான். அதில் வரும் நஸ்னீன் வங்கதேசத்தின் மைமன்சிங் பக்கத்துக் கிராமத்துப் பெண், இங்கிலீஷ் தெரியாது, வீட்டிலேயே துணி தைத்துக் கூலி வாங்குகிறாள். கணவன் சானு சான்றிதழ்களைச் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டு, வராத பதவி உயர்வுக்குக் காத்திருப்பவர். கலாச்சாரம், பாரம்பரியம் என்று நாள் முழுக்கப் பேசுவதும் அவரே.

கடைசியில் நடப்பதைக் கவனியுங்கள். பேசியவர் டாக்கா போய்விடுகிறார். பேசாதவள் இரண்டு மகள்களோடு லண்டனிலேயே தங்கிவிடுகிறாள். ஆஷிமாவும் அப்படித்தான், கணவன் இறந்தபின் வீட்டை விற்றுவிட்டு ஆறு மாதம் கல்கத்தா, ஆறு மாதம் அமெரிக்கா என்று தானே முடிவெடுக்கிறாள். ஊர் எது என்று தீர்மானிக்கும் அதிகாரம், அழுதுகொண்டே அடுப்படியில் நின்றவர்கள் கைக்கு வருகிறது. அடையாளம் பற்றிய வாதங்களைவிட இந்தக் கைமாற்றம்தான் இக்கதைகளின் சாரம் என்பது என் கட்சி.

ஆனால் நாவலுக்குப் பெயர் தந்த லண்டன் தெருவான பிரிக் லேனில் எல்லாரும் இந்தக் கதையை ஒப்புக்கொள்ளவில்லை. 2006-ல் அந்த நாவலைப் படமெடுக்க வந்தபோது எதிர்ப்புக் கிளம்பி, படப்பிடிப்பை வேறிடத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. அங்குள்ள வங்காளிகளில் பெரும்பாலோர் வங்கதேசத்தின் சில்ஹெட் பகுதிக்காரர்கள். சானு அவர்களைப் படிக்காத பாமரர்கள் என்று மட்டம் தட்டிப் பேசுவார், அதுதான் அவர்கள் கோபம். அது பாத்திரத்தின் வாய், எழுத்தாளரின் வாய் இல்லை என்று நாம் இங்கே உட்கார்ந்து சொல்லிவிடலாம். அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவரிடம் அதே வாதம் செல்லுமா? உங்களில் யாராவது மறுப்பதாக இருந்தால், அங்கிருந்தே ஆரம்பியுங்கள்.