வாய் வச்சுக் குடி மக்ளே

நேயர்களுக்கு வணக்கம். வருஷத்துக்கு இரண்டு பருவமழை பெய்கிற நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் குடிக்காத பிள்ளைகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தண்ணீர் என்று நாம் எங்கே சொல்கிறோம்? வெள்ளம் என்றுதானே சொல்வோம். நான் டீச்சர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் மாற்றலாகி வந்தார். முதல் நாளே ஒரு பையன் ஓடிவந்து, "டீச்சர், வெள்ளம்!" என்றான். அவர் வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்தார். பையனுக்கோ தாகம்.

இந்தப் பையன் கேட்டான், கிடைத்தது, குடித்தான். கேட்காத பிள்ளைகள்தான் எனக்குக் கவலை. காலையில் நிறைத்துக் கொடுத்துவிட்ட பாட்டில் சாயந்திரம் அப்படியே திரும்பி வரும் பிள்ளைகள். அப்படிப்பட்ட பாட்டிலை உங்களில் சிலர் இன்றைக்குக்கூட அடுப்படியில் கவிழ்த்து ஊற்றியிருப்பீர்கள்.

புலனுணர்வுச் சிக்கல் என்று ஒன்று உண்டு. டாக்டர்கள் சென்சரி இஷ்யூ என்பார்கள். புதுச் சட்டையின் கழுத்துப்பட்டைச் சீட்டு உறுத்தினால் நாம் கொஞ்ச நேரத்தில் மறந்துவிடுவோம். சில பிள்ளைகளால் அந்த நாள் முழுக்க வேறு எதையும் நினைக்க முடியாது. மிக்ஸி ஓடினால் காதைப் பொத்துவார்கள், மீன் சந்தைப் பக்கம் வரவே மாட்டார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்கு இது இருக்கிறது. ஆட்டிசம் இல்லாத சிலருக்கும் இருக்கிறது.

இதில் வெளியே தெரியாத ஒரு விஷயம் உண்டு. பசி, தாகம், ஒன்றுக்கு வருவது எல்லாம் உடம்பு உள்ளிருந்து சொல்லும் சேதிகள். சில பிள்ளைகளுக்கு அந்தச் சேதி தாமதமாகத்தான் எட்டும், சிலருக்கு எட்டாமலே போகும். தாகம் எடுத்தால் தானாகக் குடிப்பான் என்று வீட்டில் சொல்வோம். அவனுக்குத் தாகம் எடுப்பதே தெரியவில்லையே! ஸ்கூட்டரில் பெட்ரோல் முள் வேலை செய்யவில்லை என்றால் என்ன செய்வோம்? ஓடிய கிலோமீட்டரைப் பார்த்து பெட்ரோல் போடுவோம். அதேபோல இந்தப் பிள்ளைகளுக்குக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வெள்ளம் கொடுக்க வேண்டும்.

எதற்கு இவ்வளவு கவலை என்றால், வெள்ளம் குறைந்தால் மலம் இறுகும், மத்தியானம் தலைவலிக்கும், மூத்திரம் அடர் மஞ்சளாகப் போகும், காரணமில்லாமல் சிடுசிடுப்பு வரும். கடைசிப் பீரியடில் ஒரு பிள்ளை அடம்பிடித்தால் நாம் குணத்தைக் குறை சொல்கிறோம். பாட்டிலைத் தூக்கிப் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை. அந்தக் கதையைச் சொல்கிறேன். கழிப்பறையைப் பற்றியும் பேச வேண்டும், அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

கல்குளம் தாலுகாவில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருந்தேன். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். அம்மா முந்திரி ஆலையில் வேலை பார்ப்பவர். ஒருநாள் வந்து, "டீச்சர், நிறைச்சு விடுகேன், நிறைஞ்சே வருது. நீங்க ஒண்ணு சொல்லிப் பாருங்க" என்றார். சொல்லிப் பார்த்தேன். பஸ் படம் போட்ட பாட்டில் வாங்கச் சொன்னேன், ஏனென்றால் அவனுக்கு பஸ் என்றால் உயிர், எந்த ரூட் பஸ் எத்தனை மணிக்கு என்று ஒப்பிப்பான். பாட்டிலை மேசைமேல் வைத்து ஓட்டினான். குடிக்கவில்லை. கடைசியில் ஒருநாள் பக்கத்தில் நின்று, "நீ குடிச்சாத்தான் நான் போவேன்" என்று சொல்லிக் குடிக்க வைத்தேன். இரண்டு மடக்கு குடித்தான், மொத்தத்தையும் வாந்தி எடுத்தான். அப்புறம் மூன்று நாள் என் பக்கமே வரவில்லை. நான் செய்தது தப்பு. இப்போதும் அதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு மத்தியானம் சத்துணவுக் கூடத்துப் பக்கம் போனேன். சமையல் செய்யும் அம்மா தனக்காக ஒரு போணியில் சீரக வெள்ளம் வைத்திருந்தார். நம் பையன் அங்கே நின்று ஒரு டம்ளர் முழுக்கக் குடித்துக்கொண்டிருக்கிறான்! சரி, சீரகம்தான் விஷயம் என்று முடிவுகட்டினேன். மறுநாள் அம்மா பாட்டிலில் சீரக வெள்ளம் கொடுத்துவிட்டார். அதுவும் அப்படியே வீட்டுக்குப் போயிற்று. இளஞ்சூடாக இருந்திருக்கும், அதனால் குடித்தானோ என்று இளஞ்சூடாகக் கொடுத்தோம். அதையும் தொடவில்லை. துப்புத்துலக்கிற வேலைக்கு எனக்கு அவ்வளவு சாமர்த்தியம் போதாது என்று சமையல் அம்மாவிடமே போய்க் கேட்டேன். "நீங்க என்ன சொல்லிக் குடுத்தீங்க?" அவர் யோசித்துவிட்டு, "ஒண்ணும் சொல்லல்ல டீச்சர். டம்ளரைக் குடுத்து, வாய் வச்சுக் குடி மக்ளேன்னேன்" என்றார்.

வாய் வைத்துக் குடி. அதுதான் விஷயம்.

நாம் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது என்ன? எச்சில் படாமல் அண்ணாந்து குடி. பத்துப் பேர் குடிக்கும் செம்பில் அது சுத்தம், நல்ல பழக்கம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அண்ணாந்து குடிக்க எத்தனை வேலை ஒன்றாக நடக்க வேண்டும் பாருங்கள். தலையைச் சாய்க்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, விழும் வெள்ளத்தை வாயில் வாங்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டே விழுங்க வேண்டும். கொஞ்சம் தப்பினால் தாடையில் ஒழுகிக் கழுத்தில் இறங்கிச் சட்டை நனையும். சட்டை நனைந்து மேலோடு ஒட்டினால் நமக்கு அது ஒன்றுமில்லை. அவனுக்கு அது தாங்க முடியாத விஷயம். ஒருமுறை நனைந்திருக்கிறது, பிறகு பாட்டிலைக் கண்டாலே ஈரச் சட்டைதான் ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டுப் பாட்டில்தான், அவன் ஒருவனுக்கே உரியது, வாய் வைத்தால் என்ன? ஆனால் வகுப்பில் எல்லாருக்கும் சொன்ன சட்டத்தை அவன் அட்சரம் பிசகாமல் பிடித்துக்கொண்டான். இந்தப் பிள்ளைகளுக்குச் சட்டம் என்றால் சட்டம்தான். அந்தச் சட்டத்தைப் போட்டது யார்? நான்தான்.

அவனுக்கென்று ஒரு சின்ன ஸ்டீல் டம்ளர் வைத்தோம். பாதி நிறைத்தால் 100 மில்லி. நாலு வயதிலிருந்து எட்டு வயதுவரை உள்ள பிள்ளைக்கு, குடிப்பது மட்டும் நாளைக்குச் சுமார் 1,200 மில்லி வேண்டும் என்பது பொதுக்கணக்கு. வெயிலில் ஓடினால் இன்னும் கூடும். பள்ளிக்கூட நேரத்தில் பாதி டம்ளர் ஐந்து தடவை போனால் 500 மில்லி ஆயிற்று. கரும்பலகை ஓரத்தில் ஐந்து பஸ் நிறுத்தம் வரைந்தேன். ஒவ்வொரு தடவை குடித்ததும் அவனே பஸ்ஸை ஒரு நிறுத்தம் தள்ளி வரைவான். மூன்றாவது வாரத்தில் நான் மறந்தாலும் அவன் ஞாபகப்படுத்தினான், "டீச்சர், பஸ் தக்கலையிலேயே நிக்கி."

எல்லாப் பிள்ளைக்கும் டம்ளர்தான் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இன்னொரு பெண்பிள்ளைக்கு உறிஞ்சுகுழல் வைத்த பாட்டில்தான் சரிப்பட்டது, உறிஞ்சி உறிஞ்சி அமைதியாகிவிடுவாள். ஒரு வீட்டில் பாட்டில் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம்தான் சங்கதி. அதைக் கழற்றிக் கழுவியதே இல்லை, கறுத்துப்போய் வாடை. உங்கள் வீட்டு வளையத்தைக் கழற்றி ஒருமுறை மோந்து பாருங்கள், அப்புறம் பிள்ளையைத் திட்டுங்கள். கிணற்று வெள்ளம் குடித்து வளர்ந்த பிள்ளைக்குக் குழாய் வெள்ளத்தின் குளோரின் வாடை பிடிக்காமல் போவதும் உண்டு. வீட்டில் எதைக் குடிக்கிறானோ அதையே கொடுத்துவிடுங்கள், பதிமுகம் என்கிற மரச் சீவல் போட்ட சிவப்பு வெள்ளமானாலும் சரி. குடிக்கவே மாட்டேன் என்கிற நாளில் கஞ்சி, மோர், வெள்ளரிக்காய், சீசனில் நுங்கு. அதுவும் வெள்ளக் கணக்கில் சேரும்.

இப்போது பள்ளிக்கூடங்களில் வெள்ளம் குடிக்க ஞாபகப்படுத்தும் வாட்டர் பெல் அடிக்கிறார்கள். கேரளத்தில் 2019-ல் வந்தது, நம் தமிழ்நாட்டிலும் 2025-ல் வந்துவிட்டது. நல்ல காரியம். ஆனால் அந்த மணிச் சத்தத்துக்கே காதைப் பொத்தும் பிள்ளை, குழாயடியில் நாற்பது பேர் இடிக்கும்போது எப்படிக் குடிப்பான்? மணி அடிக்க இரண்டு நிமிஷம் முன்னால் அவனைத் தனியாக அனுப்பிவிடுங்கள். வருகைப் பதிவேட்டைக் கொடுத்து, "இதை ஆபீசில் கொடுத்துவிட்டு, வரும்போது குடித்துவிட்டு வா" என்று சொல்லலாம். வேலை சொன்ன மாதிரியும் இருக்கும்.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். கழிப்பறைக்கு இரண்டு நிமிஷம்தான் மிச்சம். எப்போதும் அதற்கு இதுதான் கதி.

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல பிள்ளைகள் குடிக்காததற்குக் காரணம் குடித்தால் அங்கே போக வேண்டும் என்ற பயம். வாடை, ஈரத் தரை, இருட்டு, கதவு படாரென்று அடிக்கும் சத்தம், ஃபிளஷ் இரைச்சல். வாய் திறந்து சொல்லத் தெரியாததால் வெள்ளத்தை நிறுத்திவிடுகிறான். கூட்டமில்லாத பாடவேளையில் போக விடுங்கள். அங்கேயே ஒரு ஜோடி செருப்பு வையுங்கள். ஃபிளஷ் வேண்டாம், வாளியும் கப்பும் போதும். விடுமுறை நாளில் தலைமையாசிரியரிடம் கேட்டு, அம்மாவோடு ஒருமுறை சும்மா போய்ப் பார்த்து வரட்டும். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், போய்க் கேளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுக்குப் போகாமல் சோர்ந்து கிடந்தால் யோசனை கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம், டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.

நம் பையன் கழிப்பறைக்குப் போக ஆரம்பித்த கதை தனியாக ஒன்று இருக்கிறது, அதற்கும் ஒரு பஸ் வேண்டியிருந்தது. மறுபடி கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். வணக்கம்.