மடியில் கனமும் வழியில் கேமராவும்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். மாலை மரியாதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்வோம்.

காவல் துறைக்கு முகம் அறியும் கேமரா வேண்டும் என்று முழங்கிய எதிரணி ஐயா, போகிற போக்கில் என்னை ஒரு குத்துக் குத்தினார்: "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமில்லை. இந்த அம்மையார் எதை ஒளிக்கிறார்?" நல்ல கைதட்டல். நானும் தட்டினேன்.

ஐயா, அந்தப் பழமொழியில் கனம் வைத்திருப்பவன் திருடனா? அவன் பொருளுக்குச் சொந்தக்காரன்! அவன் பயப்படுவதுதான் திருடனுக்கு. என் மடியில் இருக்கும் கனம் என் முகம். ரகசிய எண் கசிந்தால் மாற்றிக்கொள்வேன். முகம் கசிந்தால்? இருப்பதே ஒன்று, அதுவும் சுமார்.

சரி, மடியில் கனமே இல்லாத ஒருவரைப் பார்ப்போம். 2020 ஜனவரி, அமெரிக்காவின் டெட்ராய்ட். கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோன வழக்கு. கேமராவில் பதிந்த மங்கலான முகத்தைக் கணினியிடம் கொடுத்தார்கள். அது ஒருவரின் ஓட்டுநர் உரிமப் படத்தைக் காட்டியது. வீட்டு வாசலிலேயே கைவிலங்கு.

விசாரணையில் திருடனின் படத்தை மேசையில் வைத்தார்கள். மனிதர் அதை எடுத்துத் தன் கன்னத்தருகே பிடித்தார். எப்படி? இதோ, இந்தக் குறிப்புத் தாளைப் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது திருடன், இது நான். "கறுப்பர்கள் எல்லாரும் உங்களுக்கு ஒரே மாதிரியா?" என்று கேட்டார். கணினி தவறிவிட்டது போலிருக்கிறது என்றார் ஓர் அதிகாரி. உடனே விட்டார்களா? உள்ளே இருந்தது மொத்தம் 30 மணி நேரம்! மறுபடி பாருங்கள்: இங்கே முகம், இங்கே படம், எதிரே இரண்டு அதிகாரிகள். நான்கு கண்களையும் கணினியிடம் அடகு வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2017இல் பிரிட்டனின் கார்டிஃபில் கால்பந்து இறுதிப் போட்டியின்போது காவல் துறையின் முகம் அறியும் கருவி 2,470 முறை 'தேடுகிற ஆள் இவர்தான்' என்றது. அதில் 2,297 முறை தவறு.

மணி அடித்துவிட்டீர்கள். இதுவாவது சரியான ஆளுக்கு அடித்தது!

ஒரே ஒரு நிமிடம், நடுவர் அவர்களே. 2024இல் டெட்ராய்ட் நகரம் அவருக்கு 3 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. ஆனால், அவர் மடியில் கனமில்லை என்றேனே, அது தப்பு. ஒன்றுக்கு ஐந்து வயது, ஒன்றுக்கு இரண்டு. அப்பா வேலையிலிருந்து வந்ததும் மடியில் ஏறுகிற வயது. அந்த இரண்டு பெண் குழந்தைகளின் கண் முன்னால்தான் ஐயா, அவர் கையில் விலங்கு விழுந்தது.