காங் பேண்டின் முதல் ஆல்பம் 'மேஜிக் பிரதர்': எப்படிக் கேட்கணும்?

[திரையில்: எலெக்ட்ரிக் கிட்டார். தந்திகளுக்குக் குறுக்கே ஒரு வழவழப்பான உலோகக் கம்பி.]

இப்போ நீங்க கேட்கிறது ஆர்கன் இல்லை, சின்தசைசரும் இல்லை. கிட்டார்தான். இந்த வாசிப்புக்கு கிளிஸாண்டோ கிட்டார்னு பேர். காங் உலகத்துக்குள்ள போற வாசலே இந்தச் சத்தம்தான்.

முதல்ல கதை. டேவிட் ஆலன் ஆஸ்திரேலியாக்காரர், இங்கிலாந்தோட சாஃப்ட் மெஷின் பேண்டைத் தொடங்கினவங்கள்ல ஒருத்தர். 1967-ல பிரான்ஸ் கச்சேரிகளை முடிச்சுட்டுத் திரும்பினப்போ, விசா பிரச்சினையால இங்கிலாந்துக்குள்ள விடலை. பாரிஸ்லயே தங்கினார். அங்கே கவிஞர் ஜில்லி ஸ்மித்தோட சேர்ந்து பிறந்ததுதான் காங். பாரிஸ்ல 1968 மே மாசம் நடந்த மாணவர் கலவரத்துக்கு அப்புறம் ரெண்டு பேரும் ஸ்பெயினோட மயோர்க்கா தீவுல தெயா கிராமத்துக்குப் போயிட்டாங்க. புல்லாங்குழலும் சாக்ஸபோனும் வாசிக்கிற டிடியே மலெர்ப் அங்கேதான் கிடைச்சார். இந்தியா வந்து பான்சுரியோட, அதாவது நம்ம மூங்கில் குழலோட, பழகினவர் அவர்.

'மேஜிக் பிரதர்' 1969 இலையுதிர்காலத்துல பாரிஸ்ல பதிவு, 1970-ல வெளியீடு. பிஒய்ஜி இசைத்தட்டு நிறுவனத்தோட 'ஆக்சுவல்' வரிசை. ஃப்ரீ ஜாஸ், அதாவது கட்டுப்பாடு இல்லாம மனம்போன போக்குல வாசிக்கிற ஜாஸ், தட்டுகளுக்குப் பேர்போன வரிசை அது. பியானோவுல பர்ட்டன் கிரீன், கான்ட்ரபாஸ்ல (நின்னு வாசிக்கிற பெரிய தந்தி வாத்தியம்) பாரே பிலிப்ஸ் மாதிரி ஜாஸ் ஆட்கள் இதுல வர்றதுக்கு அந்தச் சூழல்தான் காரணம். டிரம்ஸ் ரஷீத் ஹுவாரி.

பலர் ஏமாறுறது இங்கேதான். முழு பேண்டோட ஜாஸ்-ராக் வேகத்தை எதிர்பார்த்து வர்றாங்க. அது 1971-ல வந்த 'கமம்பேர் எலெக்ட்ரிக்'லதான் உருவாகுது. இது ரெண்டு பேர் எழுதின பாட்டுகள், சுத்தி விருந்தாளிகள். அதனால ஒலி தளர்வா இருக்கும். அந்தத் தளர்வுதான் இதோட அழகு.

[திரையில்: வலது கை, மிக அருகில்.]

இப்போ கம்பி. இடது கை கார்டு (சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரக் கூட்டு) பிடிக்கட்டும், இல்லைன்னா தந்திகளைத் திறந்தே விடுங்க. வலது கையில கம்பியைக் குறுக்கா வெச்சு, தந்தியோட நீளத்துல முன்னும் பின்னும் மெதுவாத் தேய்க்கணும். தட்டக்கூடாது, அழுத்தவும் கூடாது. விரலோ மீட்டுற பிக்கோ படாததால ஸ்வரம் எங்கே தொடங்குதுன்னே தெரியாது. மேல்ஸ்வரங்கள் மட்டும் மூடுபனி மாதிரி எழும்பும். ஆலன் அறுவை சிகிச்சைக் கருவிகளோட பிடியை இதுக்குப் பயன்படுத்தினார்.

அழுத்தினா கம்பி ஃப்ரெட்ல (கிட்டார் கழுத்துல இருக்கிற உலோகக் கட்டைகள்) இடிச்சுக் கடகடக்கும். துருப்பிடிச்ச கம்பின்னா சுருள் சுத்தின கீழ்த் தந்திகள்ல கரகரன்னு உரசல்தான் மிஞ்சும். எக்கோ இல்லாம வாசிச்சா ஒவ்வொரு தேய்ப்பும் தனித்தனியா அறுந்து கேட்கும். அரை விநாடி எக்கோ வெச்சுப் பாருங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். சத்தம் சன்னமா இருக்கேன்னு ஆம்ப்ளிஃபையரை ரொம்ப ஏத்தினா ஃபீட்பேக் கூச்சல் பிடிச்சுக்கும்.

இதோட இணையணும் ஜில்லி ஸ்மித்தோட குரல். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை; நிறைய எக்கோவுல மிதக்கிற முணுமுணுப்பு. 'ஸ்பேஸ் விஸ்பர்'னு அதுக்குப் பேர். ஹெட்ஃபோன்ல கேளுங்க, முதல் பாட்டுல இருந்தே. அப்புறம் 'காங்சாங்'. பின்னாடி பல ஆல்பங்களா விரிஞ்ச காங் கிரகக் கதைக்கு அதுலயே வித்து இருக்கு.