பெத்னல் கிரீன் படிக்கட்டு

அனைவருக்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் மீது நடந்த வான்தாக்குதல்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். படிக்கப் படிக்க என்னை விடாமல் பிடித்துக்கொண்டது லண்டனில் இருக்கும் ஒரு படிக்கட்டு. அதன்மேல் குண்டு எதுவும் விழவில்லை. ஆனாலும் ஒரே இரவில் அங்கே 173 பேர் இறந்துபோனார்கள். அவர்களில் 62 பேர் குழந்தைகள்.

அந்த இரவுக்கு வருமுன் 1940க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு செப்டம்பர் 7, சனிக்கிழமை மாலை, ஜெர்மன் விமானங்கள் கூட்டமாக வந்து கிழக்கு லண்டன் துறைமுகத்தின்மேல் குண்டு போட்டன. சர்ரே டாக்ஸில் அடுக்கி வைத்திருந்த மரமெல்லாம் பற்றி எரிந்தது. இருட்டிய பிறகு வந்த விமானங்களுக்கு அந்தத் தீயே வழிகாட்டியது. அன்றிலிருந்து நவம்பர் வரை லண்டனில் ஏறக்குறைய எல்லா இரவும் அதே கதைதான். அப்புறம் கவென்ட்ரி, லிவர்பூல், பிளிமத், பெல்ஃபாஸ்ட். 1941 மே மாதத்துக்குள் 40,000க்கும் அதிகமான பொதுமக்கள் செத்துவிட்டார்கள்.

மக்கள் எங்கே ஒளிவது? அரசு நெளிதகட்டில் ஒரு சின்னக் கூடாரம் கொடுத்தது. தோட்டத்தில் பள்ளம் தோண்டி அதைப் பாதி புதைத்து, மேலே மண்ணைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்டர்சன் என்று அதற்குப் பெயர். வான்தாக்குதல் பாதுகாப்பைக் கவனித்த அமைச்சர் சர் ஜான் ஆண்டர்சனின் பெயர்தான் அது. அவர் அதற்கு முன் நம் வங்காளத்தில் கவர்னராக இருந்தவர். சரி, தோட்டம் இருக்கிறவர்கள் புதைத்துக்கொண்டார்கள். துறைமுகத் தொழிலாளி குடியிருந்தது ஒட்டு ஒட்டாக நெருங்கிய வீடுகளில். அவன் எங்கே தோண்டுவான்?

கையெட்டும் தூரத்தில் ஆழமான சுரங்க ரயில் நிலையங்கள் இருந்தன. அங்கே தங்கக் கூடாது என்றது அரசு. உள்ளே போனவர்கள் பயத்தில் மேலே வரவே மாட்டார்கள், வேலைக்குப் போக மாட்டார்கள் என்று அதிகாரிகள் நினைத்தார்கள். போர் தொடங்கும் முன்பே, குண்டு விழுந்தால் சனம் பித்துப் பிடித்து ஓடும் என்று கணக்குப் போட்டு, மனநோயாளிகளுக்குப் படுக்கைகூட ஒதுக்கி வைத்திருந்தார்கள். அந்தப் படுக்கைகள் நிரம்பவே இல்லை. மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? இருப்பதிலேயே மலிவான டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, போர்வையும் பிள்ளைகளுமாக உள்ளே இறங்கி, நடைமேடையிலேயே படுத்துவிட்டார்கள். சில வாரங்களில் அரசு வழிக்கு வந்தது. காலையில் அதே மக்கள் எழுந்து, கண்ணாடிச் சில்லைத் தாண்டி வேலைக்குப் போனார்கள்.

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். குண்டுக்குப் பயந்த மக்களைவிட, மக்களைக் கண்டு பயந்த அதிகாரிகளால்தான் தடுத்திருக்கக்கூடிய சாவுகள் நடந்தன. கிழக்கு லண்டன் கேனிங் டவுனில் வீடிழந்த குடும்பங்களை ஒரு பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அழைத்துப் போக பஸ் வரும், வரும் என்று காத்திருந்தார்கள். செப்டம்பர் 10ஆம் தேதி விடியும் முன் அந்தப் பள்ளிமேல் குண்டு விழுந்தது. இறந்தவர்கள் எழுபதுக்குச் சற்று மேல் என்றது அரசு. பல நூறு என்றார்கள் அந்த ஊர்க்காரர்கள்.

இனி அந்தப் படிக்கட்டு. கிழக்கு லண்டனில் இருக்கும் பெத்னல் கிரீன் சுரங்க ரயில் நிலையம் அப்போது கட்டி முடியாத நிலையம், ரயிலே ஓடவில்லை. ஒளிய வருகிறவர்களுக்காக உள்ளே 5,000 படுக்கைகள். ஆனால் உள்ளே போக ஒரே ஒரு வாசல். 19 படி, மங்கலான ஒரே பல்பு, நடுவில் கைப்பிடிக் கம்பி கிடையாது. இந்த வாசல் ஆபத்தானது, திருத்திக் கட்ட வேண்டும் என்று உள்ளூர் மன்றம் 1941லேயே எழுதிக் கேட்டது. வீண்செலவு என்று மேலிடம் மறுத்துவிட்டது.

1943 மார்ச் 3, மழை பெய்து படியெல்லாம் ஈரம். இரண்டு நாள் முன்புதான் பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினைத் தாக்கியிருந்தன. பதிலடி வரும் என்று எல்லோருக்கும் தெரியும். இரவு எட்டே காலுக்கு அபாயச் சங்கு ஊதியது. பத்து நிமிடத்தில் சுமார் 1,500 பேர் ஒழுங்காக இறங்கிவிட்டார்கள். அப்போது பக்கத்து விக்டோரியா பூங்காவிலிருந்து, அதுவரை யாரும் கேட்டிராத ஓர் இரைச்சல். விமானங்களை வீழ்த்த வைத்திருந்த புது ராக்கெட்டுகள். தங்கள் நாட்டுப் படையுடையவைதான் என்று அந்தச் சனத்துக்கு யார் சொல்லியிருந்தார்கள்? மேலே நின்றவர்கள் அவசரமாக இறங்க, கீழ்ப்படியருகே குழந்தையோடு ஒரு பெண் இடறி விழுந்தார். அவர்மேல் இன்னொருவர். இருட்டில் பின்னால் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு சின்ன அறை அளவு இடத்தில் ஏறக்குறைய 300 பேர் ஒருவர்மேல் ஒருவராக நசுங்கிக் கிடந்தார்கள். மூச்சுத் திணறித்தான் இறந்தார்கள். அன்றிரவு அந்தப் பக்கம் குண்டே விழவில்லை.

செய்தி வந்தபோது எந்த நிலையம் என்றுகூட அதில் இல்லை. விசாரணை மூடிய கதவுக்குள் நடந்தது. 1945 வரை அறிக்கை வெளிவரவில்லை. அதிலும், சிலர் நிதானம் இழந்ததுதான் காரணம் என்று எழுதியிருந்தார்கள். இதைப் படித்தபோது எனக்குத் தாங்கவில்லை. அதற்கு முந்தைய ஆண்டே, கணவரையும் மகளையும் அங்கே பறிகொடுத்த ஒரு பெண் வழக்குப் போட்டு ஜெயித்திருந்தார். படிக்கட்டை அந்த நிலையில் விட்டது கவனக்குறைவு என்று நீதிமன்றம் சொன்னது.

விபத்துக்குப் பிறகு அந்தப் படிக்கட்டில் கைப்பிடிக் கம்பி போட்டார்கள். இருட்டில் தெரிவதற்காகப் படிகளின் விளிம்புக்கு வெள்ளைச் சாயமும் பூசினார்கள்.